பழைய பார்ட்டிஷனை விஎம்முக்குள் ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

நிஜ மெஷினில் ஓடும் லினக்ஸ் சர்வரை விஎம்முக்கு (விர்ச்சுவல் மெஷினுக்கு) மாற்றப்போகிறோம் என்றதும் பலருக்கு முதலில் கை போவது டிடி கமாண்டுக்குத்தான். முழு டிஸ்கையும் அப்படியே இமேஜ் எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 1 டிபி டிஸ்கில் 60 ஜிபிதான் டேட்டா இருக்கிறது என்றாலும் டிடி 1 டிபியையும் உட்கார்ந்து படிக்கும், எப்போதோ அழித்த ஃபைல்களின் குப்பையும் சேர்ந்து வரும், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தால் ஃபைல் சிஸ்டம் பாதி எழுதிய நிலையில் மாட்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை, பழைய பார்ட்டிஷன் அமைப்பும், அதாவது டிஸ்கைத் துண்டுகளாகப் பிரித்த விதமும், கூடவே வந்துவிடுவது. பூட் (/boot) தனியாக, யூஎஸ்ஆர் (/usr) தனியாக, வார் (/var) தனியாக, கடைசியில் மெமரி போதாதபோது உதவும் ஒரு ஸ்வாப் என்று யாரோ ஒருவர் அன்றைய டிஸ்க் அளவைப் பார்த்து வெட்டி வைத்தது. பூட்டைத் தனியாகப் பிரிக்கும் வழக்கத்துக்கு ஒரு காரணம், அந்தக் கால பயாஸ்களால் (மெஷினைப் பூட் செய்யும் அடிப்படை மென்பொருளால்) டிஸ்கின் முதல் 1024 சிலிண்டரைத் தாண்டிப் படிக்க முடியாததுதான். அந்தக் காரணம் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கில் வைக்கும் லினக்ஸின் எம்டி ரெய்டும் அப்படித்தான்: ஹோஸ்டில் (விஎம்மை ஓட்டும் நிஜ மெஷினில்) ஏற்கெனவே ரெய்டு இருக்கும்போது விஎம்முக்குள் இன்னொரு மிரர் எதற்கு? ஒரே டேட்டாவை இரண்டு தடவை எழுதுவதைத் தவிர அதில் எந்தப் பயனும் இல்லை.

நான் சொல்வது இதுதான். புது விஎம்மில் புது டிஸ்க், ஃபைல்களை மட்டும் ஆர்சிங்க் (rsync) என்ற காப்பி கமாண்டில் கொண்டுபோங்கள். வெறும் மைனஸ் ஏ (-a) ஆப்ஷன் போதாது, ஹார்ட் லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் (ஃபைலோடு ஒட்டியிருக்கும் கூடுதல் தகவல்) மூன்றுக்கும் தனித்தனியாக ஆப்ஷன் கொடுக்க வேண்டும், யூசர் ஐடியை எண்ணாகவே வைக்கச் சொல்ல வேண்டும். சர்வர் ஓடும்போதே முதல் சுற்று, டேட்டாபேஸை நிறுத்திவிட்டுக் கடைசிச் சுற்று.

அப்புறம் பார்ட்டிஷனுக்குப் பதில் டிஸ்காகப் பிரியுங்கள். சிஸ்டத்துக்கு ஒரு விர்ச்சுவல் டிஸ்க், டேட்டாவுக்கு ஒன்று, ஸ்வாப்புக்கு ஒன்று. டேட்டா டிஸ்கில் பார்ட்டிஷன் டேபிளே போடாமல் நேராக ஃபைல் சிஸ்டம் போடலாம். இடம் போதவில்லையா, ஹோஸ்டில் டிஸ்கைப் பெரிதாக்கி, உள்ளே ரீசைஸ்2எஃப்எஸ் (இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துக்கு) அல்லது எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் (எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு) ஒன்றை ஓட்டினால் சரி, அன்மவுண்ட் கூட வேண்டாம். இதுவே ரூட் (சிஸ்டம் இருக்கும் முதன்மை) பார்ட்டிஷனுக்குப் பின்னால் ஸ்வாப் பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் அதை அழித்து, நகர்த்தி, திரும்பப் போட்டு... வேண்டவே வேண்டாம். எல்விஎம் (டிஸ்க் இடத்தை நெகிழ்வாகப் பிரித்துத் தரும் லினக்ஸ் அடுக்கு) இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே என்பவர்களுக்கு: உண்மைதான், ஆனால் விஎம்களை ஓட்டும் ஹைபர்வைசரே செய்து தரும் வேலைக்கு நடுவில் இன்னொரு அடுக்கு எதற்கு என்பது என் கட்சி.

டிஸ்கைச் சிறியதாகவே ஆரம்பியுங்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸை நடைமுறையில் சுருக்க வழியில்லை, இஎக்ஸ்டி4ஐ அன்மவுண்ட் செய்தால்தான் சுருக்கலாம்.

பூட் டிஸ்குக்கு மட்டும் பார்ட்டிஷன் வேண்டும். யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த பூட் முறை) என்றால் ஃபேட் ஃபார்மேட்டில் ஒரு சிறு இஎஸ்பி (பூட் ஃபைல்களுக்கான பார்ட்டிஷன்), பயாஸும் ஜிபிடியும் (புது வகைப் பார்ட்டிஷன் டேபிள்) என்றால் பூட் லோடரான கிரப்புக்கு 1 எம்பி, ரூட் எப்போதும் கடைசியில்.

இத்தனையும் செய்து முதல் பூட்டில் ரூட்டைக் காணோம் என்று இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் கிடைக்கும் முன் மெமரியில் ஏறும் சிறு சிஸ்டம்) பிராம்ப்டில் வந்து நின்றால் பதற வேண்டாம். பழைய மெஷினின் கன்ட்ரோலர் டிரைவர்களை மட்டும் வைத்துக் கட்டிய இனிட்ராம்எஃப்எஸ்ஸில் விர்ச்சுவல் டிஸ்குக்கான விர்ட்ஐஓ டிரைவர் இருக்காது, ரெட் ஹேட் வகையறாக்களில் இதுதான் வழக்கம். லைவ் ஐஎஸ்ஓவில் பூட் செய்து, சிஹெச்ரூட் கமாண்டில் புது சிஸ்டத்துக்குள் போய் இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்பக் கட்டி, கிரப்பையும் ஒருமுறை போட்டுவிடுங்கள். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப்பில் எஸ்டிஏ (sda) என்று எழுதியிருந்த டிஸ்க் இங்கே விடிஏ (vda) ஆகியிருக்கும், ஃபைல் சிஸ்டம் புதிது என்பதால் அதன் அடையாள எண்ணான யூயூஐடியும் மாறியிருக்கும், இரண்டையும் பாருங்கள். செலினக்ஸ் (ஃபைல்களுக்கு லேபிள் ஒட்டிக் காவல் காக்கும் பாதுகாப்பு அமைப்பு) இருந்தால் ரூட்டில் ஆட்டோரீலேபிள் (.autorelabel) ஃபைல் ஒன்றை வைத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள், லேபிள் தவறிப்போயிருந்தால் லாகின் கூட விடாமல் போகலாம்.