‘ரெட் டுவார்ஃப்’ தொடரை மீட்டது பிபிசி அல்ல

‘ரெட் டுவார்ஃப்’ பிரிட்டனின் அறிவியல் புனைவு நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர். 1999இல் நின்றுபோன அதை, பத்து ஆண்டுகள் கழித்து 2009இல் பிபிசியே மறுபடி தயாரித்து ஒளிபரப்பியது என்று ஒரு பதிவில் சொல்லப்பட்டிருக்கிறது. பலரும் அதை அப்படியே எடுத்துப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல என்பதைப் பணிவுடன் சொல்கிறேன்.

பிபிசி டூ 1988 முதல் 1999 வரை எட்டுப் பருவங்களை, 52 அத்தியாயங்களை ஒளிபரப்பியது. அதோடு அங்கே நின்றுபோனது. 2009 ஈஸ்டரில் ‘பேக் டு எர்த்’ என்ற மூன்று பகுதிகளுடன் தொடரின் முக்கியப் பாத்திரங்களான லிஸ்டரையும் ரிம்மரையும் திரும்ப அழைத்து வந்தது, யூகேடிவி என்ற தொலைக்காட்சி நிறுவனத்தின் ‘டேவ்’ சேனல். 2012, 2016, 2017ஆம் ஆண்டுப் பருவங்களும் 2020இல் வந்த ‘த பிராமிஸ்டு லேண்ட்’ சிறப்புப் படமும் அதே சேனலில்தான் வந்தன. யூகேடிவியில் அப்போது பிபிசியின் வணிகப் பிரிவுக்குப் பங்கு இருந்தது. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் பங்கு வைத்திருப்பதும் தயாரித்து ஒளிபரப்புவதும் ஒன்றல்ல.

சரிபார்ப்பது எளிது. பிபிசியின் பழைய நிகழ்ச்சிப் பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1988 பிப்ரவரி 15ஆம் தேதியைத் திறந்தால் பிபிசி டூவில் முதல் அத்தியாயம் இருக்கும். பிறகு 2009 ஏப்ரல் 10, 11, 12 தேதிகளைத் திறந்து, புதிய பகுதிகள் பிபிசி டூவில் வந்தனவா என்று பாருங்கள். தொடரை உயிர்ப்பிக்கத் துணிந்த அந்தச் சிறிய சேனலுக்கு உரிய பெயர் போய்ச் சேர வேண்டும்.