குழந்தைக்கு அட்டை போதாது

நேற்று முழுக்க எல்லோரும் பகிர்ந்த அந்த வீடியோவைப் பற்றித்தான். இரண்டு வயதுக் குழந்தையை உட்கார வைத்து மடமடவென்று நூறு பட அட்டை (ஃபிளாஷ் கார்டு) காட்டிவிட்டு, "ஏஐ இப்படித்தான் கத்துக்குது, உங்க குழந்தையும் கத்துக்கும்" என்கிறார் அந்தப் பயிற்சியாளர். பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

குழந்தை அப்படிக் கற்பதில்லைங்க. படத்தில் இருப்பது என்ன என்று கணினியைக் கண்டுபிடிக்க வைக்கும் 2012 இமேஜ்நெட் போட்டியில் ஆயிரம் வகைகளைப் பழக்க, கணினிக்குச் சுமார் 12 லட்சம் படங்கள் கொடுத்தார்கள். அது இயந்திரம். 1978இல் வெளியான சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் என்ற உளவியல் ஆய்வாளர்களின் ஆய்வில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் போகிற போக்கில், "அந்த குரோமியம் தட்டை எடுத்துட்டு வா, நீலம் இல்லை, குரோமியம்" என்று கேட்டார்கள். தட்டு ஆலிவ் பச்சை, அந்தச் சொல்லோ பிள்ளைகள் கேட்டே இராதது. பல நாள் கழித்தும் பலருக்கு அது ஏதோ ஒரு நிறம் என்று தெரிந்திருந்தது. அட்டையே இல்லை, ஒரு வேலை சொன்னார்கள், அவ்வளவுதான்.

என் மகளுக்கு ஒன்றரை வயதில் பால் டம்ளரைத் தொட்டுத்தான் 'சூடு' என்ற சொல் வந்தது. அப்புறம் ஒருநாள் ஐஸ்கட்டியைத் தொட்டாள், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு அதற்கும் "சூடு" என்றாள். "இல்லடா கண்ணு, இது ஜில்லு" என்றேன். டம்ளரை ஒரு தடவை, ஐஸை ஒரு தடவை, மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டே இருந்தாள், தரையெல்லாம் தண்ணீர். இதை எந்த அட்டையில் அச்சடிப்பீர்கள்?

இன்பாக்ஸில் ஒருவர் 2024 நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வை அனுப்பியிருக்கிறார். ஒரே குழந்தையின் தலையில் மாட்டிய கேமராவின் 61 மணி நேரப் பதிவை வைத்தே ஒரு ஏஐ மாடல் பந்து போன்ற சொற்களைப் படத்தோடு பொருத்தக் கற்றுக்கொண்டது. சரி, ஒரு குழந்தை பார்த்ததை வைத்தே இயந்திரமும் கற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அந்தக் குழந்தை ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை தன் போக்கில் தவழ்ந்து, விளையாடி, தலையைத் திருப்பிப் பார்த்த உலகம். அதைக் காட்டி எனக்கு அட்டை விற்கிறீர்களா?

வேலைக்குப் போகிற பெற்றோருக்கு நேரம் எங்கே என்கிறார்கள். நானும் வேலைக்குப் போகிறவள்தான். குளிப்பாட்டும்போது பேச முடியாதா?

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டரை வயதில் பிளேஸ்கூலில் என் மகளுக்குக் கண்ணாடி டம்ளர் படம் காட்டினார்கள். எங்கள் வீட்டில் எவர்சில்வர்தான், அவள் பேசாமல் நின்றாள். டைரியில் 'பேச்சு தாமதம்' என்று எழுதி அனுப்பினார்கள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை, அவளைத் திரும்பத் திரும்ப எழுப்பி "இது என்ன, இது என்ன" என்று கேட்டேன். அழுதாள். அந்த வீடியோவிலும் அந்தக் குழந்தை நடுவில் ஒரு தடவை அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறது, யாராவது கவனித்தீர்களா?