யாருடைய வயிற்றை இறுக்குவது?

பொருளாதார வளர்ச்சியைத் துரத்தாமல் உற்பத்தியையும் நுகர்வையும் திட்டமிட்டுக் குறைக்கச் சொல்வது ‘வளர்ச்சிக் குறைப்பு’ (degrowth). அதை ஆதரிப்பவர்கள் வயிறு நிறைந்தவர்கள்தான் என்று, அதை எதிர்க்கும் ஒரு கட்டுரையை எழுதியவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். பாதி சரி. 2008இல் பாரிஸில் இதற்கான முதல் சர்வதேச மாநாடு நடந்ததிலிருந்து இது பெரும்பாலும் பேராசிரியர்களின் பேச்சாகவே இருக்கிறது. ஆலைத் தொழிலாளியைத் தேடத்தான் வேண்டும். ஆனால் இதை ஆதரிக்கும் பொருளாதார மானுடவியலாளர் ஜேசன் ஹிக்கெல் போன்றோர் குறைக்கச் சொல்வது பணக்கார நாடுகளின் ஆற்றல், மூலப்பொருள் நுகர்வை. ஏழை நாட்டின் மருத்துவமனையை அல்ல. இதைக் கட்டுரை கண்டுகொள்ளவே இல்லை.

வருமானம் குறைய எவர் ஓட்டுப் போடுவார் என்ற கட்டுரையின் கேள்வி எனக்கும் உறுத்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், போன மாதம் என் சலவை இயந்திரத்தில் ஒரு ரப்பர் வளையம் கிழிந்தது. உதிரி பாகம் வராது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார்கள். வாங்கினேன். அதுவும் வளர்ச்சிக் கணக்கில்தான் ஏறியிருக்கும்!