கருந்துளையைச் சுற்றி நிற்கும் விண்மீன்களுக்காக ஒரு வக்காலத்து

கருந்துளை பற்றி ஒரு செய்தி வந்தால் போதும், இரண்டு நாளைக்கு எல்லார் பக்கத்திலும் அதுதான் ஓடும். 2019-ல் எம்87 கேலக்ஸியின் கருந்துளைப் படம் வந்தபோதும், 2022-ல் நம் பால்வெளியின் மையத்தில் இருப்பதன் படம் வந்தபோதும் அப்படித்தான். அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு தரப்பு மட்டும் எப்போதும் விட்டுப்போகிறது. கருந்துளையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் விண்மீன்களைத்தான் சொல்கிறேன். அவற்றின் வயது என்ன, எந்தக் காலத்தில் கூட்டமாகப் பிறந்தன, அவற்றில் உலோகம் (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த கனமான தனிமங்கள்) எவ்வளவு என்று கேட்க ஆள் இல்லை. ஆக்டிவ் கேலக்ஸிகளின் கதையில் பாதிக்கு மேல் இந்த விண்மீன்களிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முன்கதைச் சுருக்கம்: பெரிய கேலக்ஸிகளின் மையக் கருந்துளைகள் பெரும்பாலும் சும்மா கிடப்பவை. வாயு உள்ளே விழ ஆரம்பித்தால் அது வட்டாகச் சுழன்று, உரசிச் சூடேறி, சில சமயம் மொத்த கேலக்ஸியையும் மிஞ்சி ஒளிரும். இப்படி மையம் ஒளிர்பவைதான் ஆக்டிவ் கேலக்ஸிகள். அவற்றில் மிதமாக ஒளிர்பவை சைஃபெர்ட், உச்சத்தில் இருப்பவை குவேசார். இதற்கு மேல் அறிமுகம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது.

இந்தத் துறையின் இரண்டு வேர்களும் ஒரே மலையில் விட்டவை. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் எடுத்த நிறமாலைகளை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவுகள்) வைத்து, ஆறு கேலக்ஸிகளின் மையத்தில் வழக்கத்துக்கு மாறாக அகன்ற உமிழ் கோடுகள் (வாயு குறிப்பிட்ட நிறங்களில் மட்டும் வீசும் ஒளி) இருப்பதை 1943-ல் கார்ல் சைஃபெர்ட் எழுதினார். அடுத்த வருடமே அதே மலையிலிருந்து வால்டர் பாடேயின் கட்டுரை வந்தது. போர்க்கால விளக்கணைப்பில் லாஸ் ஏஞ்சலிஸ் இருண்டு கிடந்த நேரம். பாடே 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவின் உட்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டி, விண்மீன்களில் இரண்டு வகைத் தொகை உண்டு என்றார்: நீலமான இளசுகள் ஒன்று, சிவந்த பழசுகள் இன்னொன்று. சைஃபெர்ட் கண்ட மையத்தில் பாடே சொன்ன எந்தத் தொகை இருக்கிறது என்ற கேள்வியை அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் அதை ஒழுங்காகக் கேட்க ஆரம்பிக்க நாற்பது வருடம் போல ஆகிவிட்டது.

ஏன் இவ்வளவு தாமதம் என்பது ஒரு சைஃபெர்ட் மையத்தின் நிறமாலையைத் திரையில் விரித்துப் பார்த்தால் புரிந்துவிடும். லட்சக்கணக்கான கேலக்ஸிகளைப் பதிவுசெய்த ஸ்லோன் சர்வேயின் தரவு எல்லாருக்கும் இலவசம், யாரும் பார்க்கலாம். சிவப்புப் பெயர்ச்சியை, அதாவது பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்டிருப்பதை, சரிசெய்துவிட்டுப் பார்த்தால் முதலில் கண்ணைக் குத்துவது 5007 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஆக்சிஜனும் 6563-ல் ஹைட்ரஜனும் எழுப்பும் ஊசி முனைகள். பெரும்பாலானோர் அங்கேயே நின்றுவிடுவார்கள். நான் நேராக இடது ஓரத்துக்குப் போவேன். 3934-ல் கால்சியத்தின் கே கோடு, அதாவது விண்மீனின் வளிமண்டலத்தில் கால்சியம் ஒளியை உறிஞ்சிய இடம். வயதான விண்மீன்கள் மட்டும் இருந்தால் அது நல்ல ஆழமான பள்ளமாக இருக்கும். பள்ளம் தூர்ந்து ஆழம் குறைந்திருந்தால் ஏதோ ஒரு நீல ஒளி கலந்திருக்கிறது என்று அர்த்தம். பாலில் தண்ணீர் கலந்திருப்பது தெரிகிறது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதுதான் தெரியாது. கருந்துளையின் சூடான வட்டும் நீலம், நேற்றுப் பிறந்த பெரு விண்மீன்களும் நீலம். போதாக்குறைக்கு நடுவில் தூசு புகுந்து இரண்டையும் சிவப்பாக்கிவிடும்.

கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தால் 4102-ல் ஹைட்ரஜன் டெல்டா. நடுவில் சின்னதாக ஓர் உமிழ் முனை, அதன் இருபுறமும் அகலமாகச் சரியும் பள்ளம். அந்தச் சரிவைப் பார்த்துவிட்டால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. அது ஏ வகை விண்மீன்கள், அதாவது சூரியனைவிடச் சூடான, ஆயுள் குறைந்த வெள்ளை விண்மீன்கள், போடும் கையெழுத்து. கடந்த நூறு கோடி ஆண்டுகளுக்குள் அங்கே பெரிய பிரசவம் நடந்திருக்கிறது என்று சொல்கிறது. சாதாரண வாயு வட்டு இந்தக் கையெழுத்தைப் போடாது.

ஆனால் பல வருடங்களாக நடைமுறை வேறு மாதிரி இருந்தது. வயதான நீள்வட்ட கேலக்ஸி ஒன்றின் நிறமாலையை அச்சாக எடுத்துக்கொள்வார்கள். இதுதான் விண்மீன்களின் பங்கு என்று அதைக் கழித்துவிடுவார்கள். மிச்சம் நிற்கும் நீல ஒளி முழுவதையும் கருந்துளையின் கணக்கில் வரவு வைத்துவிடுவார்கள். விண்மீன் என்றால் வயசாளி, நீலம் என்றால் கருந்துளை என்பது எழுதாத சட்டம்.

இந்தச் சட்டம் உடைந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1985-ல் ஆன்டோனூச்சியும் மில்லரும் என்.ஜி.சி. 1068 கேலக்ஸியின் முனைவாக்கமடைந்த (ஒரே திசைவாக்கில் அதிரும்) ஒளியை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். நேரடியாகத் தெரியாத அகன்ற கோடுகள் அதில் தெரிந்தன. தூசு வளையம் மையத்தை மறைக்கிறது, மையத்தின் ஒளி மேலே இருக்கும் எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறி நம்மிடம் வருகிறது என்று விளக்கினார்கள். அருமையான விளக்கம், இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் அதையே இப்படி அகன்ற கோடுகள் நேரடியாகத் தெரியாத மற்ற கேலக்ஸிகளுக்கு, அதாவது சைஃபெர்ட் 2 வகைக்கு, போட்டுப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. கழித்தபின் மிஞ்சிய நீல ஒளியும் சிதறி வந்த ஒளிதான் என்றால், அகன்ற கோடுகள் காட்டும் அதே அளவு முனைவாக்கத்தை அதுவும் காட்ட வேண்டும். பல கேலக்ஸிகளில் அது குறைவாகவே காட்டியது. அப்படியானால் அந்த நீலத்தில் ஒரு பெரும்பகுதி கருந்துளையினுடையதே இல்லை.

பிறகு யாருடையது? ஹெக்மன், கொன்சாலெஸ் டெல்காடோ குழுவினர் 1997, 1998 வாக்கில் ஹப்பிளை வைத்து நான்கு சைஃபெர்ட் 2 மையங்களைப் புற ஊதாவில் பார்த்தார்கள். சிலிக்கான், கார்பன் கோடுகளில் பெரு விண்மீன்கள் வீசும் காற்றின் தடம் அப்பட்டமாகத் தெரிந்தது. சில பத்து லட்சம் ஆண்டுகளே வாழும் விண்மீன்கள் அவை, கருந்துளைக்குச் சில நூறு பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தொலைவுக்குள். நான்கை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் 2003-ல் காஃப்மன் குழு ஸ்லோன் சர்வேயில் 22,623 ஆக்டிவ் கேலக்ஸிகளை அலசியபோது போக்கு தெளிவாகிவிட்டது: மையம் எவ்வளவு பிரகாசமோ, அவ்வளவுக்கு அங்கிருக்கும் விண்மீன்கள் இளமை.

இந்த இடத்தில் தோற்றுப்போன ஒரு தரப்புக்கு நன்றி சொல்லியாக வேண்டும். கருந்துளையே வேண்டாம், உக்கிரமான பெரு விண்மீன்களும் சூப்பர்நோவாக்களும் போதும் என்று 1985 முதல் வாதாடியவர்கள் டெர்லெவிச்சும் மெல்னிக்கும். அந்த வாதம் நிற்கவில்லை. கருந்துளைகள் அங்கே இருப்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் மையத்தின் ஒளியில் விண்மீன்களின் பங்கு என்ன என்று விடாமல் நச்சரித்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் இல்லையென்றால் அந்தக் கழித்தல் கணக்கு இன்னும் கொஞ்ச காலம் கேள்வியின்றி ஓடியிருக்கும்.

அப்புறம் இந்த "மையம்" விஷயம். ஸ்லோன் தரவில் ஒளியை வாங்கிய கண்ணாடி இழையின் அகலம் வானத்தில் 3 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு). சிவப்புப் பெயர்ச்சி 0.1-ல் இருக்கும் கேலக்ஸியில் அது சுமார் 18,000 ஒளியாண்டு. கேலக்ஸியில் பாதியை வழித்து எடுத்துவிட்டு மையம் என்றால் எப்படி? டேவிஸ் குழு 2007-ல் வெளியிட்ட வேலையை நான் உசத்தியாகச் சொல்வது இதனால்தான். அருகிலுள்ள ஒன்பது ஆக்டிவ் கேலக்ஸிகளை அகச்சிவப்பில், வளிமண்டல நடுக்கத்தைச் சரிசெய்யும் கருவியோடு, சில பத்து பார்செக் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்கள். விண்மீன் பிறப்பு தொடங்கிய பிறகு 5 முதல் 10 கோடி ஆண்டுகள் கழித்துத்தான் கருந்துளை சுறுசுறுப்பாகிறது என்பது போல ஒரு தாமதம் தெரிந்தது. காரணமும் புத்திக்கு ஒத்து வருகிறது. பிறந்த புதிதில் பெரு விண்மீன்களின் காற்றும் சூப்பர்நோவாக்களும் வாயுவை அடித்து விரட்டிவிடும். அந்த ரகளை அடங்கிய பின், வயதாகி ஊதிப்பெருத்த விண்மீன்கள் மெதுவாக உதிர்க்கும் வாயுதான் உள்ளே இறங்குகிறது. ஒன்பது கேலக்ஸி குறைவுதான், ஆனால் சரியான இடத்தில் பார்த்த ஒன்பது.

இதைத் தெரிந்துகொண்டு கருந்துளைதான் விண்மீன் பிறப்பை நிறுத்தியது என்று சொல்லும் "கருந்துளை தன் கேலக்ஸியைக் கொன்றது" ரகத் தலைப்புகளைப் படித்தால் எரிச்சல்தான் வரும். விண்மீன் பிறப்பு கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஏறி இறங்குவது. கருந்துளையின் ஒளி சில லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே அணைந்து மீண்டும் பற்றிக்கொள்ளலாம். இன்று எரிகிறது என்பதை மட்டும் வைத்து, நூறு கோடி ஆண்டுகளாகத் தேய்ந்துவந்த விண்மீன் பிறப்புக்கு அதைக் குற்றவாளியாக்க முடியாது. கருந்துளைகளுக்கு அந்தப் பலம் இல்லை என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் வாயு பீய்ச்சி அடிக்கப்படுவது கண்கூடு. தீர்ப்புக்கு முன் விண்மீன்களின் வயதை விசாரியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம் பால்வெளியிலேயே சாட்சி இருக்கிறது. 43 லட்சம் சூரிய நிறையுள்ள அந்தக் கருந்துளைக்கு இரண்டு ஒளியாண்டுக்குள், சில பத்து லட்சம் ஆண்டு வயதே ஆன பெரு விண்மீன்கள் வட்டுபோல் சுற்றுகின்றன. அத்தனை இழுவிசையில் மேகம் எப்படிச் சுருங்கி விண்மீனாகும் என்பது பெரிய புதிர். அங்கே ஒரு காலத்தில் அடர்த்தியான வாயு வட்டு இருந்திருக்கலாம் என்பதுதான் வலுவான விடை. அதாவது, நம் வீடும் அப்போது ஆக்டிவ் கேலக்ஸியாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

இப்போது ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வந்து கதையைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறது. தொலைதூரத்தில் அது கண்ட சின்னச் சிவப்புப் புள்ளிகள் சிலவற்றில் 3646 ஆங்ஸ்ட்ராம் பக்கம் ஒளி திடீரென ஏறுகிறது. அது ஏ வகை விண்மீன்களின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, பிரபஞ்சம் பிறந்து நூறு கோடி ஆண்டு ஆவதற்குள் இவ்வளவு கனமான கேலக்ஸிகளா என்று 2023-ல் பெரிய பரபரப்பு. பிறகு அந்த ஏற்றம் சில பொருள்களில் எந்த விண்மீன் தொகையாலும் தர முடியாத அளவு செங்குத்தாக இருப்பது தெரியவந்தது. கருந்துளையைப் போர்த்தியிருக்கும் அடர்ந்த வாயுவே அதைப் போடலாம் என்கிறார்கள் இப்போது. அன்று விண்மீனின் ஒளியைக் கருந்துளைக்கு எழுதிவைத்தார்கள், இந்த முறை கருந்துளையின் ஒளி விண்மீன் பெயரில் பட்டா ஆகியிருக்கிறது. ஹைட்ரஜனை மட்டும் வைத்து இந்த வழக்கு முடியாது. கால்சியமோ, மெக்னீசியமோ, விண்மீன்களின் வளிமண்டலத்தில் உருவானது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஓர் உறிஞ்சு கோடு கையில் கிடைக்கும் வரை, அந்தப் புள்ளிகளுக்கு யார் எத்தனை கோடி சூரிய நிறை விண்மீன்கள் என்று சொன்னாலும் நான் தள்ளுபடி போட்டுத்தான் எடுத்துக்கொள்வேன்.