நாலு பிள்ளையும் ஒரு பூச்சியமும்

ஐஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினை ரிசல்ற் வந்த நாளில இருந்து எங்கட கல்வி வலயத்துப் பள்ளிக்கூடங்களைப் பிரிச்சு மேயினம். எங்க எத்தினை பேர் வெட்டுப்புள்ளிக்கு மேல, எது பூச்சியம் எண்டு பட்டியல் வேற. பூச்சியத்தில எங்கட ஊர்ப் பள்ளிக்கூடமும் கிடக்குது. கீழ கொமன்ற், "டீச்சர்மார் சம்பளம் எடுக்கத்தானே வருகினம்".

ஐயா, எங்கட பள்ளிக்கூடத்தில சோதினை எடுத்ததே நாலு பிள்ளையள். ஒண்டு வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தா 25 வீதம் எண்டு கைதட்டியிருப்பியள். நூறு பிள்ளைக்கு மேல எழுதிற ரவுண் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில இந்த நாலை வைக்கிறது என்ன கணக்கோ.

மகளை விடப் போகேக்க பாக்கிறனான், மூண்டாம் ஆண்டும் நாலாம் ஆண்டும் ஒரே அறை, கரும்பலகைக்கு நடுவில சோக்கால ஒரு கோடு. இந்தப் பக்கம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் சுற்றாடல், நடுவில ஒரே டீச்சர். அவ யாழ்ப்பாணத்தில விடியப்புறம் பஸ் ஏறி ஏ9 றோட்டு வழிய வந்து இறங்கி, தெரிஞ்ச கடையில விட்டு வைச்சிருக்கிற ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிரவல் றோட்டால வாறா, மாரியில அந்த றோட்டைக் கேக்கவே வேண்டாம். இடமாற்றம் கேட்டிருக்கிறாவாம். பிழை சொல்லேலாது, அவவுக்கும் சின்னப்பிள்ளை.

மெடிசின், எஞ்சினியரிங்குக்கு கம்பஸுக்கு, அதான் பல்கலைக்கழகத்துக்கு, பிள்ளையளை எடுக்கேக்க 40 வீதம்தான் முழு இலங்கைக்கும் பொது, 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அதுக்குள்ள. கொழும்புப் பிள்ளையையும் எங்கட பிள்ளையையும் ஒரே கோலால அளக்கேலாது எண்டு அரசாங்கமே ஒத்துக்கொண்டிட்டுது, அந்தக் கோட்டாவை எவனும் தொட்டா நாங்கள்தான் முதல் ஆளாக் கத்துவம். ஆனா வலயத்துக்குள்ள வந்தா ரவுணுக்கும் காட்டுக்கரைக்கும் ஒரே கோல்!

இன்னொண்டு. கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை எண்டா மூண்டாம் ஆண்டோட தாய் தேப்பன் ரவுணுக்குக் கொண்டுபோய் விட்டிடுவினம், பிறகு அது ஓஎல் சோதினையில ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுக்க படம் அங்கத்தைப் பனரில தொங்கும், அ ஆ எழுதப் பழக்கினது எந்தப் பள்ளிக்கூடம் எண்டு எவர் கேக்கினம். நானும் யோக்கியன் இல்ல, மூத்தவனை அப்பிடித்தான் ஏத்தி அனுப்பினனான்.

பட்டியல் போடுறதெண்டா எத்தினை பேர் எழுதினவை, எத்தினை ஆசிரியர் வெற்றிடம், இங்கிலிசுக்கு ஆள் இருக்கோ எண்டும் சேத்துப் போடுங்கோ. கொமன்ற் போட்டதில ரெண்டு பேர் எங்கட ஊர்தான். வாற கிழமை பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கக் கூட்டம் இருக்குது, அங்க வந்து கேளுங்கோவன்.