கெட்டில் கதைக்கு முன்பே ஓடிய இயந்திரம்

நீராவி இயந்திரம் என்றதும், கெட்டிலின் மூடி துள்ளுவதை வியந்து பார்க்கும் சிறுவன் ஜேம்ஸ் வாட்டின் கதைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் வாட் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1712இல், இங்கிலாந்தின் டட்லி கோட்டைக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தாமஸ் நியூகோமனின் இயந்திரம் தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிட்டது. நியூகோமன் டார்ட்மவுத் ஊரில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்தவர்.

அந்த இயந்திரத்தில் எனக்குப் பிடித்தது, அதை இயக்கியது நீராவியின் பலம் அல்ல என்பதுதான். சிலிண்டரில் நிரம்பிய நீராவியின் மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் அது சுருங்கி நீராகிவிடும். உள்ளே ஏற்படும் வெற்றிடத்தை நோக்கி வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஏற்றமரம் போன்ற பெரிய உத்தரத்தின் மறுமுனை மேலெழுந்து பம்பை இழுக்கும். நிமிடத்துக்கு 12 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 45 லிட்டர் என, ஏறத்தாழ 47 மீட்டர் ஆழத்திலிருந்து நீர் மேலே வந்தது.

ஒவ்வொரு முறையும் சிலிண்டரைச் சூடாக்கிக் குளிர்விப்பதால், எரிபொருளின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. இதைச் சொல்லி நியூகோமனை ஒரே வரியில் கடந்துவிடுவது நியாயமில்லை என்பது என் கருத்து. சுரங்க வாயிலில் விலைபோகாத பொடிக்கரி குவிந்து கிடக்கும்போது, அந்த விரயம் யாரைப் பாதித்தது? கரியைக் கப்பலில் கொண்டுவர வேண்டியிருந்த, தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்த வெள்ளீய, செம்புச் சுரங்கங்களில்தான் அது கையைக் கடித்தது. பிற்காலத்தில் வாட்டின் சிக்கன இயந்திரத்துக்கு அங்கே நல்ல கிராக்கி இருந்ததும் அதனால்தான்.

காப்புரிமையும் நியூகோமன் பெயரில் இல்லை. நெருப்பின் உதவியால் நீரை உயர்த்தும் உரிமையைத் தாமஸ் சேவரி 1698இலேயே பெற்றிருந்தார்; நாடாளுமன்றம் அதை 1733 வரை நீட்டித்தும் விட்டது. முற்றிலும் வேறான ஒரு பொறியைச் செய்த நியூகோமன் அந்த உரிமைக்குக் கட்டுப்பட்டே தொழில் நடத்தி, அது காலாவதியாகும் முன்பே, 1729இல் இறந்துபோனார்.

1763–64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வாட் பழுதுபார்த்தது நியூகோமன் இயந்திரத்தின் சிறு மாதிரியைத்தான். நீராவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்கும் யோசனை அதிலிருந்தே அவருக்குப் பிறந்தது. அதற்குப் பிறகும், கரி மலிவாகக் கிடைத்த சுரங்கங்களில் பழைய முறை இயந்திரங்களையே பலர் புதிதாக நிறுவிக்கொண்டிருந்தார்கள்.