பந்தை வைத்திருக்கும் நேரமும் வெற்றியும்

‘கால்பந்தில் பந்தை அதிக நேரம் வைத்திருக்கும் அணியே வெல்லும், புள்ளிவிவரமே சொல்கிறது’ என்று பலர் பகிர்ந்திருக்கிறார்கள். தனி ஓர் ஆட்டத்துக்கு இது பொருந்தாது, நண்பர்களே.

2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினை 2-1 என வென்ற ஜப்பானிடம் பந்து இருந்தது 18 சதவீதத்துக்கும் குறைவான நேரமே. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-7 எனத் தோற்ற பிரேசிலோ, பந்தைச் சற்றே அதிகமாக வைத்திருந்தது. மொத்தமாக அடித்த ஷாட்களும் அதற்கே அதிகம்.

ஒரு பருவம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வலுவான அணிகளிடம் பந்து அதிகம் இருப்பது உண்மைதான். ஆனால் ஸ்கோரும் அந்தச் சதவீதத்தை மாற்றுகிறது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. முன்னிலை பெற்ற அணி பின்வாங்கித் தற்காக்கும். பின்தங்கிய அணியிடம் பந்து தானாக வந்து சேரும். அந்த 2014 அரையிறுதியில் 29 நிமிடங்களிலேயே ஜெர்மனி 5-0 என முன்னிலையில் இருந்தது. அதன் பிறகு அது பந்துக்காக ஓடித் திரிய வேண்டிய அவசியமே இல்லை.

நீங்களே சரிபார்க்கலாம். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தளத்தில் ஒரு தொடரின் ஆட்டப் பக்கங்களைத் திறந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் பந்து அதிகம் வைத்திருந்த அணி வென்றதா, சமன் செய்ததா, தோற்றதா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். முதல் கோல் எந்த நிமிடத்தில் விழுந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.